நான் நிறுத்திய அலாரம்

புதிதாகச் சீருடை போட்டிருக்கும் உங்களுக்கு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் தீப்பிடிக்கவில்லை. புகை வரவில்லை. கருகல் வாசம்கூட இல்லை. ஆனாலும் இருபத்தொன்பது வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்தவன் நான், போன இடங்களில் பாதி மறந்துவிட்டது, அந்த வீட்டு வாசல் மட்டும் மறக்கவில்லை. அங்கே இரண்டு முறை போனேன். முதல் முறை போனபோது இன்னும் ஐந்து நிமிஷம் நின்று யோசித்திருந்தால் இரண்டாம் முறை போக வேண்டியிருந்திருக்காது.

ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போர்வெல் போடும் ரிக் லாரிகள் சாலையோரம் வரிசையாக நிற்கும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அந்த அம்மாவைச் சரோஜா என்கிறேன், மகளைக் கவிதா என்கிறேன். வீட்டுக்காரர் பழனிசாமி சொந்தமாக ஒரு ரிக் வைத்திருந்தார். வருஷத்தில் எட்டு மாதம் வண்டியோடு வடக்கே போய்விடுவார். மூத்த மகனுக்குக் கனடாவில் வேலை. கவிதா பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய வீட்டில் பெரும்பாலான நாட்கள் தாயும் மகளும் மட்டும்தான்.

மார்கழி மாதம், காலை ஏழு மணி இருக்கும். நிலையத்துத் தொலைபேசி அடித்தது. பக்கத்தில் இருந்ததால் நானே எடுத்தேன்.

“ஏனுங்க, தீயணைப்பு ஆபீஸுங்களா? எங்கூட்டுல ஒரு மிஷினு கத்திக்கிட்டே இருக்குதுங்க.”

“என்ன மிஷினுங்கம்மா?”

“செவுத்துல மாட்டியிருக்குதுங்க, வட்டமா, தட்டாட்ட. என்ற பையன் வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து மாட்டுனது. நாலு நாலாக் கத்துது, செத்த நேரம் நிக்குது, மறுக்காக் கத்துது. கத்துனா வெளிய ஓடிருங்கம்மா, ஃபயர் சர்வீஸைக் கூப்புடுங்கன்னு சொல்லியிருக்கறான். இப்ப நாங்க ஓடோணுமுங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “வெளிய நில்லுங்கம்மா, வாரோம்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னேன்.

போனபோது சரோஜா வாசல்படியில் நின்றிருந்தார். சால்வையால் காதை மூடியிருந்தார். கவிதா, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள், ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போர்டிகோவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே அந்தக் கருவி கத்திக்கொண்டுதான் இருந்தது. நாலு முறை கூர்மையாக, பிறகு ஒரு இடைவெளி, மறுபடி நாலு.

நான் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன், கவனியுங்கள். சமையலறைக்குப் போய் சிலிண்டரைப் பார்த்தேன். ரெகுலேட்டரில், டியூபில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம்; ஒரு குமிழியும் வரவில்லை. சுவிட்சு போர்டுகளைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. பூஜை அறையில் விளக்கு எரியவில்லை. எல்லா அறைகளிலும் மூக்கை உறிஞ்சியபடி நடந்தேன். எங்கேயும் வாசம் இல்லை.

எங்கள் வண்டி ஓட்டுநர், என்னைவிட இரண்டு வயது பெரியவர், வீட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். “சார், பின்னாடி இன்னொரு சிலிண்டர் நிக்குது. பைப்பு பாத்ரூமுக்குள்ள போகுது” என்றார்.

“அது வெந்நித் தண்ணிக்குங்க” என்றார் சரோஜா. “கேஸ் கீசரு. கரண்டு பில்லு எச்சா வருதுன்னு போன வருசம் போட்டம்.”

பின்பக்கம் போய் அந்த சிலிண்டரையும் முகர்ந்து பார்த்தேன். கசிவு இல்லை. எனக்குத் திருப்தி. குளியலறைக்குள் நான் எட்டிப் பார்க்கவில்லை. பெண்பிள்ளை அப்போதுதான் குளித்துவிட்டு வந்த அறை, எதற்கு என்று விட்டுவிட்டேன்.

“பாப்பா ஏன் அப்பிடி உக்காந்திருக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

“தலவலிங்க சார். நாலஞ்சு நாளாவே காலையில காலையில தலவலிக்குதுங்கறா. பரிச்சை வருதுங்களா, படிச்சுப் படிச்சு.”

அதையும் கேட்டேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினேன்.

பிறகு நாற்காலி போட்டு ஏறி அந்தக் கருவியைக் கழற்றினேன். அதன் முகப்பில் ‘கார்பன் மோனாக்சைடு அலாரம்’ என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. படிக்கத் தெரியாதவன் இல்லை நான். படித்தேன். ஆனால் என் மூளையில் அது ‘புகை அலாரம்’ என்றுதான் பதிந்தது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் என்று பயிற்சியில் படித்திருக்கிறேன். தீப்பிடித்த வீட்டில் பலர் சூடு படுவதற்கு முன்பே அதைச் சுவாசித்துத்தான் சாகிறார்கள் என்றும் தெரியும். ஆனால் எனக்குள் அது எப்போதும் புகையோடு சேர்ந்தே வருகிற ஒன்று. புகை இல்லாத வீட்டில் அது தனியாக உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாலு நாலாகக் கத்தினால் இந்த வாயு என்று அர்த்தம், எப்போதாவது ஒரு முறை ‘கிர்க்’ என்றால்தான் பேட்டரி தீர்ந்தது என்று அர்த்தம். அதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

“ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. வெளிநாட்டுச் சாமான், நம்மூர்த் தூசிக்கு ஒத்துவராது. சும்மா கத்தும்” என்றேன். பின்மூடியைத் திறந்து இரண்டு பேட்டரியையும் எடுத்தேன். சத்தம் நின்றது. வீடே ‘அப்பாடா’ என்றதுபோல் இருந்தது.

“பையன் எதுக்காகவும் கழட்டாதீங்கன்னானுங்க சார்…” என்று இழுத்தார் சரோஜா.

“நான் சொல்றேன்லீங்கம்மா.”

அவ்வளவுதான். ஒரு சீருடைக்காரன் சொன்ன பிறகு அந்த அம்மா என்ன செய்வார்? பேட்டரியையும் கருவியையும் கையில் வாங்கி அலமாரியில் வைத்தார். எங்கள் எல்லோருக்கும் காபி கொடுத்தார். நிலையத்துக்குத் திரும்பியதும் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘பழுதான கருவி. தீ இல்லை, கசிவு இல்லை. அறிவுரை வழங்கப்பட்டது.’

பதினோரு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அதே நேரத்துக்குச் சரோஜா மறுபடி கூப்பிட்டார். இந்த முறை எடுத்தது வேறொரு வீரர். “பாத்ரூம்ல ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சாம், தட்டுனா சத்தமே இல்லையாம்” என்று விலாசத்தைப் படித்தார். விலாசத்தைக் கேட்டதும் நானே முதலில் வண்டியில் ஏறினேன். வண்டியில் போகும்போதுதான் அந்தக் கருவியின் முகப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. காலையில் மட்டும் வரும் தலைவலியும், பின்பக்கத்து சிலிண்டரும், குளியலறைக்குள் போன பைப்பும் ஞாபகம் வந்தன. கேட்டது, பார்த்தது எல்லாம் எனக்குள்ளேயே இருந்தன. சேர்த்துப் பார்க்கத்தான் பதினோரு நாள் ஆகியிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினோம். கதவு திறந்ததும் வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. குழாய் திறந்தபடி இருந்தது. மேலே கீசரின் சிறு கண்ணாடி வழியே தீச்சுடர் தெரிந்தது. நீலமாக எரிய வேண்டியது மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. வென்டிலேட்டரைத் தெர்மாகோல் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். எதிர்வீட்டில் புதிதாக மாடி எழுப்பியதில் அந்த மாடியிலிருந்து பார்த்தால் இந்த ஜன்னல் வழியே உள்ளே தெரியும் என்று அடைத்ததாம். குளிருக்கும் ஆகட்டும் என்று அப்படியே விட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொள்ளும் நாள். வழக்கத்தைவிட நெடுநேரம் உள்ளே இருந்திருக்கிறாள்.

மூச்சுக்கருவி வண்டியில் இருந்தது. அதை மாட்டிக்கொள்ளாமல் உள்ளே ஓடினேன். அதுவும் தப்புதான், நீங்கள் செய்யாதீர்கள். கீசரை அணைத்துவிட்டு, ஒரு போர்வையைக் கவிதா மேல் போட்டுச் சுருட்டித் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெட்டவெளிக்கு வந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்கே எனக்கு நெற்றிப்பொட்டில் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

மூச்சு இருந்தது, ஆனால் மேலோட்டமாக. நாடி இருந்தது. முகம் வெளுக்கவில்லை. உதடு நன்றாகவே சிவந்திருந்தது; இந்த வாயு ஏறினால் அப்படியும் ஆகும்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. “வலிப்புங்க, வலிப்பு” என்றபடி ஒருவர் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் காரைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தார். “ஏனுங்க சார் பாத்துக்கிட்டு நிக்கறீங்க, தூக்குங்க. பக்கத்துலயே கிளினிக் இருக்குது, ஒரு ஊசி போட்டாச் செரியாப் போயிரும்.”

ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தோம், வர இன்னும் சில நிமிஷம் ஆகும். காரில் போட்டால் உடனே கிளம்பலாம், ஆனால் காரில் ஆக்ஸிஜன் கிடையாது. போகிற கிளினிக்கில் வலிப்பு என்று சொல்லி அதற்கான மருந்தைக் கொடுப்பார்கள். கூட்டம் என்னைத் திட்டியது. சரோஜா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். காத்திருப்பதா, அனுப்புவதா? காத்திருந்து ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கூட்டம் என்னை உயிரோடு விடாது. முதல் முறை செய்த தப்பு கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்க, என் முடிவை நானே நம்ப முடியாத நிலை. ஓட்டுநரைப் பார்த்தேன். அவர், “கேஸுன்னு உங்களுக்கு உறுதின்னா காரை நிறுத்துங்க சார்” என்றார்.

“இது வலிப்பில்லைங்க. விஷக் காத்து. இந்தப் பிள்ளைக்கு இப்ப மருந்தே ஆக்ஸிஜன்தான். ஆம்புலன்சுலதான் போகணும்” என்று சத்தமாகச் சொல்லிக் கார்க் கதவை நானே சாத்தினேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த செவிலியர் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, “ஆக்ஸிஜன் தொண்ணூத்தெட்டு இருக்கு சார், நல்லாத்தான் இருக்கு” என்று மாஸ்க்கைக் கீழே வைத்தார். கருவி நல்லாயிருக்கு என்கிறது. நான் இல்லை என்கிறேன். பதினோரு நாளுக்கு முன்னால் இதே வீட்டில் கருவி ஆபத்து என்றது. நான் இல்லை என்றேன்.

ஆனால் இந்த முறை சுடரைக் கண்ணால் பார்த்திருந்தேன், அடைத்த ஜன்னலைப் பார்த்திருந்தேன், என் நெற்றிப்பொட்டு தெறித்துக்கொண்டிருந்தது. “அந்த நம்பர் எப்படி வருதுன்னு எனக்குத் தெரியலம்மா. ஆனா ஈரோடு ஆஸ்பத்திரி போற வரைக்கும் மாஸ்க்கை எடுக்காதீங்க. டாக்டர்கிட்ட கார்பன் மோனாக்சைடுன்னு சொல்லுங்க. நான் எழுதியே தர்றேன்” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த வாயு ஏறிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தையும் அந்த விரல் கிளிப்பால் பிரித்துப் பார்க்க முடியாது என்று ஈரோட்டு மருத்துவர் பிறகு எனக்கு விளக்கினார். “மாஸ்க்கை எடுத்திருந்தா கஷ்டமாயிருக்கும்” என்றும் சொன்னார்.

கவிதா பிழைத்துக்கொண்டாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீங்கள் கேட்கமாட்டீர்கள். நாலைந்து மாதம் வார்த்தைகள் தடுமாறின. பேசிக்கொண்டே இருக்கும்போது என்ன சொல்ல வந்தோம் என்று மறந்துவிடும். ஒரு பருவத் தேர்வை விட்டாள். அடுத்த வருஷம் எழுதித் தேறினாள். இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் படித்தேன். வயதான காலத்தில் என் மருமகளை உட்கார வைத்து இணையத்தில் தேடச் சொல்லிப் படித்தேன். அந்தப் பையன் இருக்கும் நாட்டில் பல இடங்களில் படுக்கையறைக்கு வெளியே இந்த அலாரம் வைத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அதனால்தான் ஊருக்கு வந்தவன் தாய்க்கும் தங்கைக்கும் ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். நம் பக்கம் உயரமான அடுக்குமாடி என்றால் தடையில்லாச் சான்று கொடுக்கும்போது நாம் அலாரத்தைப் பார்க்கிறோம். தனி வீட்டுக்காரரை எந்த விதியும் கேட்பதில்லை. விதி இருக்கும் இடத்தில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்றால், அதுவும் இல்லை. சேலத்தில் ஒரு குடியிருப்பில் ஆய்வுக்குப் போனபோது ஒவ்வொரு தளத்திலும் புகை உணரும் கருவிகளுக்குப் பாலிதீன் பையைக் கட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள். கேட்டால், “வெள்ளிக்கெழமை சாம்பிராணி போட்டாக் கத்துது சார்” என்றார்கள். பழைய நானாக இருந்தால் ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அன்று அவர்களோடு உட்கார்ந்து, எந்த இடத்தில் வைத்தால் சாம்பிராணிக்குக் கத்தாது என்று பார்த்து இடம் மாற்றச் சொன்னேன். சும்மா சும்மா கத்துகிற அலாரத்தை மனிதர்கள் எப்படியும் நிறுத்திவிடுவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

கிராமங்களில் பேசப் போனால் விவசாயிகள் கேட்பார்கள்: “வாசமும் இல்ல, கண்ணுக்கும் தெரியலீன்னா அத எப்படிங்க நம்பறது?” பாழுங்கிணற்றைத்தான் எடுத்துச் சொல்வேன். தூர் வார இறங்குவதற்கு முன்னால் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது அவர்களுக்குத் தெரியும். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கமாட்டார்கள். “அந்தக் கெணத்துக் காத்துக்கு வெளக்கு அணையும். இந்தக் காத்துக்கு வெளக்குக்கூட அணையாதுங்க. அதுக்குத்தான் இந்த மிஷினு” என்றால் புரிந்துகொள்வார்கள். கூடவே, மிஷின் இருக்கிறது என்று கீசரைக் குளியலறைக்குள் விட்டுவைக்காதீர்கள், சுவருக்கு வெளியே மாட்டுங்கள், ஜன்னலை அடைக்காதீர்கள், ஜெனரேட்டரையோ கரியடுப்பையோ வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்பதையும் சொல்வேன். இவற்றையெல்லாம் செய்தால் அந்த அலாரம் கத்தவேண்டிய வேலையே வராது.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. ஒரு வீட்டில் எதுவோ கத்துகிறது, காரணம் தெரியவில்லை என்றால், ‘பழுது’ என்று எழுதுவதற்கு முன்னால் ஆட்களை வெளியே நிறுத்துங்கள். யாருக்காவது தலைவலி இருக்கிறதா, மயக்கம் இருக்கிறதா, வீட்டைவிட்டு வெளியே போனால் சரியாகிறதா என்று கேளுங்கள். வீட்டில் என்னென்ன எரிகிறது என்று ஒன்று விடாமல் கேளுங்கள். கூச்சப்பட்டு ஒரு அறையை விட்டுவிடாதீர்கள். நமக்குத் தெரியாத கருவியை நாம் தெரியாது என்று சொல்ல வேண்டும். அந்த அம்மாவிடம், “எனக்கு இது என்னன்னு தெரியலைங்கம்மா, பையனுக்கு ஒரு போன் போடுங்க” என்று சொல்லியிருந்தால் என் சீருடையில் ஒரு நூல்கூடப் பிரிந்திருக்காது. பையன் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பான்.

இதுவரை சொன்னதைப் பல பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். இதோடு முடித்துவிடுவேன். கேட்டவர்கள் கைதட்டியும் இருக்கிறார்கள். ஒரு பகுதியை மட்டும் எப்போதும் சொல்லாமல் விட்டுவிடுவேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், சொல்லலாம்.

கவிதாவைச் சேர்த்த மறுநாள், வாக்குமூலம் வாங்க மருத்துவமனைக்குப் போனேன். பழனிசாமி அப்போதுதான் வடக்கே இருந்து வந்து இறங்கியிருந்தார்; சட்டையில் ரிக் மண் அப்படியே இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அவர், அவருடைய அக்கா, சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சரோஜா சுவரோரம் இருந்தார். நான் போய் நின்ற அதே நேரத்தில்தான் பழனிசாமி மனைவியிடம் கேட்டார்.

“பையன் மாட்டிக் குடுத்த மிஷினு எங்க போச்சு? அது ஏன் கத்தல?”

சரோஜா ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “பேட்டரியக் கழட்டி வெச்சிருந்தனுங்க” என்றார்.

“கழட்டுனயா? சத்தம் பொறுக்கலீன்னு கழட்டுனயா? என்ற புள்ளையக் கொன்னுருப்பயே.”

அக்காக்காரி சேர்ந்துகொண்டார். மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. நான் குறிப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ‘கழற்றியது நான்’ என்று சொல்ல இரண்டே வார்த்தை போதும். வாய் வரவில்லை. துறை விசாரணை வரலாம், வழக்கு வரலாம், கூட்டம் கொதித்துப் போயிருக்கிறது, இப்போது சொல்வது புத்திசாலித்தனம் இல்லை, பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொன்றும் நியாயமான காரணமாகத்தான் தோன்றியது. வாக்குமூலத்தில் கீசரைப் பற்றி, அடைத்த ஜன்னலைப் பற்றி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நிலையத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பழைய குறிப்பேட்டை யாரும் புரட்டவில்லை. பிள்ளையைக் காப்பாற்றியதற்காக ஊர்க்காரர்கள் ஒரு துண்டு கொண்டுவந்து போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன்.

நாலாவது நாள் காலையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஓட்டுநர், என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

“நேத்து ஈரோட்டுல ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன் சார். பொண்ணு கண்ணு முழிச்சிருச்சு. வார்டுக்கு மாத்திட்டாங்க. அந்த அம்மாதான் கீழ பெஞ்சுல தனியா உக்காந்திருக்கு. மேல வரவேண்டாம்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாராம்.”

சொல்லிவிட்டு அவர் டயரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்று நான் நாற்காலியில் ஏறிப் பேட்டரியை எடுத்ததைக் கீழே நின்று பார்த்தவர் அவர்.

அன்று மத்தியானம் முழு உண்மையையும் ஒரு அறிக்கையாக எழுதி மாவட்ட அலுவலருக்கு அனுப்பினேன். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது, கொடுத்தேன், எச்சரிக்கையோடு முடிந்தது. அது பெரிய விஷயமில்லை. அறிக்கையை அனுப்பிவிட்டு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினேன். கீழே பெஞ்சில் சரோஜா இருந்தார். “மேல வாங்கம்மா” என்றேன். தயங்கினார். “என்கூட வாங்க” என்றதும் எழுந்து வந்தார்.

வார்டுக்கு வெளியே பழனிசாமி அவருடைய அக்காவோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிடவில்லை, கும்பிட்டால் பேச்சு வேறுபக்கம் போய்விடும் என்று பயம்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. அந்தப் பேட்டரியைக் கழட்டினது உங்க சம்சாரம் இல்லை, நான். அலாரம் கத்துதுன்னு எங்களைக் கூப்பிட்டாங்க. பையன் கழட்டக்கூடாதுன்னான்னு சொன்னாங்க. நான்தான் தெரியாத விஷயத்தைத் தெரிஞ்ச மாதிரி சொல்லி, என் கையாலேயே கழட்டிக் கொடுத்தேன்.”

அவர் கை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கும்பிட்ட கை இன்னும் பாதியில் நின்றது. பிறகு, “புள்ளையத் தூக்கிட்டு வந்ததும் நீங்கதானுங்களே” என்றார், யாரிடமோ கணக்குக் கேட்பவர்போல. “போங்க சார். எனக்கு இப்பப் பேச்சு வரலீங்க” என்று திரும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

படிக்கட்டு வரை சரோஜா கூடவே வந்தார். நான் அவரிடம் கேட்டேன்: “அன்னைக்கு ஏங்கம்மா நீங்க சொல்லலை? நான் அங்கேயேதான் நின்னேன்.”

“என்ற புள்ளையத் தூக்கிட்டு வந்தவருங்க நீங்க. அத்தன பேருக்கு முன்னால உங்களக் காட்டிக் குடுக்க மனசு வரலீங்க” என்றார். “நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க சார்.”

நான் படியில் நின்றேன்.

“மூணு நாளாச்சுங்க” என்றார். குரலில் கோபம் இல்லை, ஒரு தகவல் சொல்வதுபோலத்தான் சொன்னார். “அவ கண்ணு முழிச்சு அம்மா எங்கீன்னு கேட்டாளாமா. நான் கீழ உக்காந்திருந்தன்.”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். கணவரைத் தாண்டி, நாத்தனாரைத் தாண்டிப் போய், வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். யாரும் தடுக்கவில்லை.